கல்யாணப் பத்திரிகையை வைத்துச் சமூகவியல் பழகுவது எப்படி

சமூகவியல் படிக்க ஆசையோடு வரும் பலர் முதல் மாதத்திலேயே சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தைத் திறந்தால் சமூகம் என்றால் என்ன, நிறுவனம் என்றால் என்ன என்று வரையறைகள் வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் தெரு பழைய தெருவாகவே இருக்கும். அதனால் நான் சொல்லித்தரும் வழி தலைகீழானது. உங்கள் வீட்டு அலமாரியில் மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டாக ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கும் இல்லையா, அதை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஏன் பத்திரிகை என்றால், ஒரு குடும்பம் பத்து நாள் உட்கார்ந்து, யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்று சண்டை போட்டு, பணம் கொடுத்து அச்சடித்து, ஊருக்கெல்லாம் கையில் கொடுக்கும் காகிதம் அது. நாம் யார் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறோமோ அது முழுக்க அதில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் ரேஷன் கடை வரிசையையும் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தையும் அதே கண்ணால் படிக்கலாம். அந்தக் கண் என்ன செய்கிறது என்றால், "அவங்க அப்படித்தான்" என்று வாயில் வரும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, எந்த ஏற்பாடு அவர்களை அப்படிச் செய்யவைக்கிறது என்று கேட்கிறது. அவ்வளவுதான், ஆனால் பழக நாளாகும்.

முதல் வேலை: சேர்ப்பது

பதினைந்து பத்திரிகை போதும். ஆனால் எல்லாமே போன தை மாதம் வந்தவை என்றால் பயனில்லை. 1970களில் ஒன்றிரண்டு, 90களில் சில, இந்த ஐந்து வருடத்தில் சில என்று தலைமுறை கலந்திருக்க வேண்டும். பழையவை பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், சில வீடுகளில் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எண் போடுங்கள், குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். படம் எடுத்து எந்த குரூப்பிலும் போட வேண்டாம். ஒரு குடும்பத்தின் ஊர், தெரு, போன் நம்பர், யாருக்கு யார் என்ன உறவு எல்லாம் அதில் இருக்கிறது, அவர்கள் அதை உங்கள் ஆராய்ச்சிக்காக அச்சடிக்கவில்லை.

குறிப்பேட்டை அவ்வப்போது போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கம் ராம்புரா என்று அவர் பெயர் வைத்த கிராமத்தில் 1948-ல் தங்கி ஆய்வு செய்தவர். பல வருடம் உழைத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளோடு 1970-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு மையத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்ததில் அவை எரிந்துபோயின. மனிதர் பெரும்பாலும் ஞாபகத்தில் இருந்தே புத்தகத்தை எழுதி 1976-ல் வெளியிட்டார். நமக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது.

இரண்டாவது: விளக்கம் சொல்லாமல் எண்ணுவது

புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். பத்திரிகையைப் பார்த்தவுடன் "அந்தக் காலத்தில் ஆணாதிக்கம்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். தீர்ப்பு சரியாகவே இருக்கலாம், ஆனால் இன்னும் நீங்கள் எதையும் பார்க்கவில்லை. முதலில் கட்டம் போட்ட தாளில் நிரப்புங்கள். தலைப்பு "விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை"யா, "திருமண அழைப்பிதழா"? மேலே பிள்ளையாரா, குலதெய்வமா, மாதாவா, பிறையா, தலைவர் படமா? அழைப்பவர் யார்? மொத்தம் எத்தனை ஆண் பெயர், எத்தனை பெண் பெயர்? மணமக்களின் படிப்பும் வேலையும் இருக்கிறதா, இருவருக்குமா, ஒருவருக்கு மட்டுமா? சாதிப் பட்டம் உண்டா? வீட்டு வாசலில் பந்தலா, மண்டபமா? அடியில் "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியல் எவ்வளவு நீளம்?

எண்ணி முடிக்க ஒரு மாலை ஆகும். முடித்ததும் தாளை வருட வரிசையில் அடுக்குங்கள். எதுவும் தானாகத் துள்ளி வராது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கண் நிற்கும். அந்த இடங்களைப் பென்சிலில் வட்டமிட்டு வையுங்கள்.

மூன்றாவது: யார் இல்லை என்று பார்ப்பது

இருப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். இல்லாதவர்களைப் பார்க்கத்தான் பழக வேண்டும்.

எங்கள் அத்தைக்குக் கணவர் இறந்து இருபது வருடம். தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு மகனை இன்ஜினியரிங் வரை படிக்கவைத்தாள். அவன் கல்யாணப் பத்திரிகையில் அழைப்பவர் யார் தெரியுமா? அந்த இருபது வருடத்தில் பொங்கலுக்குக்கூட எட்டிப்பார்க்காத கணவரின் தம்பி. "அமரர்" என்ற அடைமொழியோடு மாமாவின் பெயர் மேலே பெரிதாக இருந்தது. அத்தையின் பெயர் தேடினால்தான் கிடைக்கும். நான் கேட்டேன். அவள் கோபப்படவே இல்லை, "அதுதாண்டா முறை" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அச்சகத்துக்குப் போய்ப் பெயர்களை எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

"முறை" என்ற அந்தச் சொல்லைத்தான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895-ல் சமூக உண்மை என்று சொல்லி விளக்கப் பார்த்தார். நமக்கு வெளியே இருக்கிறது, நாம் பிறப்பதற்கு முன்பே இருக்கிறது, நம்மை அழுத்துகிறது, ஆனால் ஒத்துப்போகிறவரை அந்த அழுத்தம் தெரியாது. தெரிய வேண்டும் என்றால் மீறிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணப் பேச்சு வரும்போது, "அம்மா பெயரை முதலில் போட்டு அழைத்தால் என்ன" என்று சாதாரணமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, யார் சிரிக்கிறார்கள், யார் அதட்டுகிறார்கள், யார் "சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்" என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். (பத்திரிகை அச்சுக்குப் போகும் வாரத்தில் இதைச் செய்ய வேண்டாம். நான் செய்தேன், ஒரு வாரம் யாரும் எனக்குக் காபி கொடுக்கவில்லை.)

இல்லாமல் போன இன்னொன்று சாதிப் பட்டம். தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான பெயர்கள் ஒரு இனிஷியலோடு நின்றுவிடுகின்றன. ஆந்திராவிலோ கேரளத்திலோ பட்டத்தை விடுவது இந்த அளவுக்கு இல்லை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். சரி, பட்டம் போனது, சாதி போனதா? பத்திரிகையைத் திரும்பப் பாருங்கள். குலதெய்வத்தின் பெயர், அது இருக்கும் ஊர், கொங்குப் பக்கம் என்றால் கூட்டம் என்ற குலப் பிரிவு, நகரத்தார் என்றால் கோயில் பிரிவு. தெரிந்தவர் கண்ணுக்கு இவை போதும். பெயரில் இருந்து இறங்கி வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எழுதும்போது "ஒழிந்தது", "அப்படியே இருக்கிறது" என்ற இரண்டு வார்த்தைகளையும் தவிர்த்து, எங்கே இடம் மாறியது என்று தேடினால் நல்ல கட்டுரை வரும்.

நான்காவது: சொந்தக் கதையைக் கணக்கோடு சேர்ப்பது

இதுதான் இருப்பதிலேயே முக்கியமான வேலை, கொஞ்சம் நின்று செய்யுங்கள்.

எல்லாச் சொந்தத்திலும் முப்பத்தைந்து வயதாகியும் பத்திரிகை அச்சடிக்காத ஒரு அண்ணன் இருப்பார். ஜாதகத்தில் தோஷம், சம்பளம் போதாது, ரொம்பத்தான் பார்க்கிறான், பெண்களுக்கு எதிர்பார்ப்பு அதிகமாகிவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். எல்லாமே அந்த ஒரு மனிதரைச் சுற்றியோ ஒரு பெண்ணைச் சுற்றியோ சுழலும் காரணங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவருடைய குணம், திறமை, வாய்ப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் ஆளைப் பார்த்துப் பயனில்லை, ஏற்பாட்டைப் பாருங்கள்.

நம் அண்ணனுக்கு வருவோம். அவர் சேலம் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தைகள்தான் இன்று இருபதுகளின் நடுவில் தொடங்கி முப்பதைத் தாண்டியது வரை இருக்கும் கல்யாண வயதுக்காரர்கள். 1992-ல், பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு அதே சேலத்தில் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. ஆக, அன்று வீட்டுக்குள் ரகசியமாக நடந்ததற்கு இன்று தரகர் வீட்டு வாசலில் வரிசை நிற்கிறது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் விகிதம் 2021-22 கணக்கில் 47 சதவீதம், பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் போகிறார்கள். படித்த பெண் தன் அளவுக்காவது படித்தவனைத்தான் கேட்கிறாள். பிளஸ் டூவோடு லாரிப் பட்டறைக்கோ விசைத்தறிக்கோ போன அண்ணன் அந்தப் பட்டியலில் வருவதில்லை.

இவ்வளவும் இருந்தும் எல்லாச் சாதியிலும் பெண் தேடலாம் என்றால் வட்டம் பெரிதாகும். ஆனால் அண்ணனின் அம்மா தேடுவது ஒரே சாதிக்குள், அதிலும் கூட்டம் மாறியிருக்க வேண்டும். பெண் எடுக்க முடியாத உள்வட்டம் ஒன்று, தாண்ட முடியாத வெளிவட்டம் ஒன்று, நடுவில் இருக்கும் வளையத்தில்தான் தேடல். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர், சாதியின் சாரமே சொந்தச் சாதிக்குள்ளேயே கட்டும் இந்த அகமணம்தான், மற்றதெல்லாம் அதில் இருந்து கிளைத்தவை என்று ஒரு கட்டுரை வாசித்தார். அந்த மாணவர் அம்பேத்கர். ஆண் பெண் எண்ணிக்கை சரிசமமாக இல்லாதபோது ஒரு மூடிய வட்டம் என்னென்ன செய்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்றுதான் அவர் அதில் யோசிக்கிறார். சேலத்து அண்ணனை மனதில் வைத்துக்கொண்டு அதைப் படித்தால் நூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து மாதிரியே இருக்காது.

ஆக, அண்ணனின் ஜாதகத்தில் தொடங்கி, 2001 கணக்கெடுப்பில் இல்லாமல் போன பெண்கள், கல்லூரி பஸ், சாதியின் மணவட்டம் என்று வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் குறிப்பேட்டில் வட்டமிட்ட ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி ஒரு பாதை போடுங்கள். ஆளில் தொடங்கி, எண்ணைத் தேடி, விதியைத் தேடி, அப்புறம் ஆளிடம் திரும்பி வாருங்கள். திரும்பி வராமல் எண்ணிலேயே நின்றுவிட்டால் அது புள்ளிவிவரத் துறை அறிக்கை.

ஐந்தாவது: சொற்களைத் தோண்டுவது

பழைய பத்திரிகையில் "விவாஹம்", புதியதில் "திருமணம்". நடுவில் என்ன நடந்தது? மறைமலை அடிகள் 1916 வாக்கில் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பிறகு வந்த திராவிட அரசியலும் நடந்தன. புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் பல வருடம் சட்டத்தின் கண்ணில் செல்லாதவையாகவே இருந்தன. 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் மாலை மாற்றினாலே, மோதிரம் போட்டாலே கல்யாணம் என்று ஆனது. உங்கள் கட்டில் "தலைமை", "முன்னிலை", "வாழ்த்துரை" என்று மேடை நிகழ்ச்சி மாதிரி ஒரு பத்திரிகை இருந்தால் அதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இன்னொரு சொல் பரிசம். "பரிசம் போட்டாச்சு" என்று இன்னமும் சொல்கிறோம். பரிசம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பது. இன்று பணமும் நகையும் எந்தத் திசையில் போகிறது என்று உங்களுக்கே தெரியும். வரதட்சணை ஆதிகாலத்தில் இருந்தே எல்லாச் சாதியிலும் இருந்தது என்று யாராவது சொன்னால் இந்தச் சொல்லை எடுத்து முன்னால் வையுங்கள்.

அப்புறம் மாமா. அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவது முறை என்று இருந்த சமூகத்தில் இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியும், அதனால் ஒரு சொல் போதுமாக இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பெண்ணுக்கு மேல் சொந்தத்தில்தான் கல்யாணம் செய்திருக்கிறார். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் எங்கே வருகிறது என்று பார்த்தால் இது இன்னும் புரியும்.

ஆறாவது: மொய் நோட்டைக் கேட்டு வாங்குவது

பத்திரிகை ஆசையைச் சொல்லும், மொய் நோட்டு கணக்கைச் சொல்லும். பெரியவர்கள் பழைய நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் அது கடன் புத்தகம். 1998-ல் 101 எழுதியவருக்கு 2015-ல் 501 திரும்பப் போயிருக்கும். அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம், அதாவது உறவு வேண்டாம் என்று அர்த்தம். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல் எழுதியது இதைத்தான். அன்பளிப்பு இலவசம் கிடையாது; கொடுக்கவும் கட்டாயம், வாங்கவும் கட்டாயம், திருப்பவும் கட்டாயம்.

அவர் புதுக்கோட்டைப் பக்கம் வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பகுதிகளில் கல்யாணமே இல்லாமல் மொய்க்காகவே ஆடி மாதம் விருந்து வைக்கிறார்கள். பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, வரிசையாக மேசை போட்டு மொய் வாங்குகிறார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அந்தப் பணத்தில் போர்வெல் போடலாம், கடை வைக்கலாம், பிள்ளையைப் படிக்கவைக்கலாம். பிறகு வருடக்கணக்கில் ஒவ்வொருவர் விருந்துக்கும் போய்க் கூட்டித் திருப்ப வேண்டும். திருப்பாதவரைப் போலீஸ் பிடிக்காது, ஆனால் டீக்கடையில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. வங்கிக்கு அடமானம் எப்படியோ அந்த ஊருக்கு அந்த டீக்கடை. இதைப் பார்த்துவிட்டு "மூடப்பழக்கம்" என்றோ "நம் முன்னோர் மேதைகள்" என்றோ எழுதிவிடாதீர்கள். வங்கிக் கடன் யாருக்குச் சுலபம், யாருக்குக் கஷ்டம், இந்த வட்டத்துக்குள் யார் சேர முடியும், நிலமே இல்லாதவர் சேர முடியுமா என்று கேளுங்கள்.

ஏழாவது: பேசுவது

கேள்வித்தாள் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பத்திரிகையையே கையில் கொடுங்கள், பேச்சு தானாக வரும். "ஏன் அப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் எல்லோரும் நல்ல பதில் ஒன்றைத் தயாரித்துச் சொல்வார்கள். "அன்றைக்கு என்ன நடந்தது, யார் எழுதினது, யார் கோபித்துக்கொண்டது" என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். குடும்பத்தாரோடு நிறுத்தாமல் அச்சகக்காரர், சமையல்காரர், மொய் எழுதும் வாத்தியார், மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கும் அம்மா ஆகியோரிடமும் பேசுங்கள். கடைசியாகச் சொன்னவர் பத்திரிகை வாங்காமலே எல்லாக் கல்யாணத்தையும் பார்த்தவர்.

நீங்கள் எங்கே உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றை ஆராய்ந்தபோது அக்கிரகாரத்தில் தங்கினார். அங்கே தங்கியதாலேயே சேரிக்குள் சகஜமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் எடுத்த கட்டு உங்கள் வீட்டு அலமாரியில் இருந்து வந்தது. உங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்காதவர்கள் யார்? எத்தனை தெருவுக்கு உங்கள் வீட்டில் இருந்து பத்திரிகை போவதே இல்லை?

பத்திரிகையே அடிக்காத கல்யாணங்களும் இருக்கின்றன. என் கட்டில் பதினேழு இருந்தது, சித்தப்பா மகளுடையது இல்லை. அவள் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள், யாரும் போகவில்லை. பதினெட்டாவது வரிசையை அவளுக்கென்று காலியாக விட்டுவிட்டுப் போன் செய்து, உன் கல்யாணத்துக்கு அச்சடித்த காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தாள். 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி அவர்கள் பெயர், வயது, முகவரி எல்லாம் போட்ட ஒரு தாளைப் பதிவு அலுவலகப் பலகையில் முப்பது நாள் ஒட்டி வைத்திருந்தார்களாம், ஆட்சேபணை இருப்பவர்கள் வந்து சொல்வதற்காக. "அதுதான் எங்க பத்திரிகை, ஊருக்கே வெச்சோம்" என்றாள். தலைப்பு: அறிவிப்பு. மேலே: அரசு முத்திரை. அழைப்பவர்: மணமகள், மணமகன். அடியில் நல்வரவை விரும்புபவர்கள் என்ற இடத்தில் சாட்சிகள் மூன்று பேர் என்று எழுதிக்கொண்டேன்.